கண்ணாடி முன் ஒரு கச்சிதமான கணவன்

*மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் சோதனைக்குக் கும்பளங்கியின் ஷம்மி அகப்படுவானா?*

தோப்பும்படி சந்திப்பிலிருந்து தெற்கே பஸ் பிடித்தால் சிறிது நேரத்தில் கும்பளங்கி. காயல், சீன வலைகள், இறால் பண்ணைகள். சுற்றுலாக்காரர்களுக்குத் தெரிந்திருந்த இந்தத் தீவை 2019-இல் இந்திய சினிமா ரசிகர்களுக்கும் அறிமுகப்படுத்தியது மது சி. நாராயணன் இயக்கிய கும்பளங்கி நைட்ஸ். கூடவே ஒரு கவலையையும் கொடுத்தது: ஷம்மி.

ஃபகத் ஃபாசில் நடித்த ஷம்மி முடிதிருத்துபவன். புது மாப்பிள்ளை. குடிப்பவனாகவோ கடன்காரனாகவோ காட்டப்படுவதில்லை. கண்ணாடி முன் மீசையைச் சீவி ரசிக்கிறான். அதில் ஒட்டியிருக்கும் மனைவியின் பொட்டை பிளேடால் சுரண்டி எறிகிறான். மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தலைமை நாற்காலி அவனுக்குத்தான். எப்போதும் ஒரு சிரிப்பு. அதுதான் பயமுறுத்துகிறது.

இவன் எந்த வகை? உள்முகம், வெளிமுகம் என்று மனிதர்களைப் பிரித்து 1921-இல் நூல் எழுதினார் கார்ல் யுங். அதை விரித்து வினாத்தாளாக்கியவர்கள் அமெரிக்கத் தாயும் மகளுமான கேத்தரின் பிரிக்ஸும் இசபெல் மையர்ஸும். நான்கு ஜோடிக் குணங்கள், மொத்தம் 16 வகைகள். இசபெல் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதியவர் என்பது சுவாரசியமான தகவல்.

இந்தக் கணக்கில் ஷம்மிக்கு 'ஒழுங்கை விரும்பும் நிர்வாகி' என்ற பட்டம் கிடைக்கக்கூடும். சிக்கல் அங்கேதான். வினாத்தாளை நிரப்புபவர் தன்னைப் பற்றித் தானே சொல்கிறார். தன்னை முழுமையான ஆண்மகன் என்று நம்பும் ஷம்மி தன்னை எப்படி வர்ணிப்பான்? கண்ணாடி காட்டுவதையே சோதனையும் காட்டும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது என்பதும் மனோதத்துவ ஆய்வாளர்களின் பழைய புகார்.

ஷம்மியை 'மனநோயாளி' என்று சொல்லிக் கடந்துபோவதும் சுலபம். ஆனால் சியாம் புஷ்கரனின் திரைக்கதை அந்த வசதியைத் தருவதில்லை. அதே ஊரில் சாக்கடையாய்க் கிடக்கும் வீட்டின் மூத்தவன் சஜி, குற்ற உணர்ச்சி தாங்காமல் டாக்டரிடம் போய் அவர் தோளில் சாய்ந்து அழுகிறான். உதவி தேடியவன் தேறுகிறான். தனக்குக் குறையே இல்லை என்று நம்பியவன் கடைசியில் மீன் வலையில் சிக்குகிறான்.

வகை பார்க்கும் ஆசைக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது. தங்கையிடம் அவன் தரக்குறைவாகப் பேசும்போது, அதுவரை அடங்கியிருந்த மனைவி சிம்மி வெடிக்கிறாள்: எந்த மாதிரி அண்ணனாக இருந்தாலும் சரி, மரியாதையாகப் பேச வேண்டும் என்று.

தியேட்டரில் அந்த இடத்தில் கைதட்டிய பெண்கள் யாரும் யுங்கைப் படித்திருக்கத் தேவையில்லை. ஷம்மியை அவர்களுக்கு முன்பே தெரியும்.