படங்களுக்கும் வேண்டும் ஒரு பெட்டகம்

ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்க முடிந்த காலத்தில், எண்ணி எண்ணித்தான் கேமராவின் பொத்தானை அழுத்தினோம். அச்சிட்ட படங்களை ஆல்பத்தில் ஒட்டினோம். நெகட்டிவ்களைத் தனி உறையில் இட்டு வைத்தோம். இன்றோ ஒரே திருவிழாவில் முந்நூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. படங்கள் பெருகிய அளவுக்கு அவற்றைக் காக்கும் பழக்கம் பெருகவில்லை.

பழைய ஆல்பம் மெல்ல மெல்ல மங்கும். ஆயினும் முகங்கள் தெரியும். ஹார்டு டிஸ்க் அப்படியன்று. சுழலும் பாகங்களைக் கொண்ட அக்கருவி, நேற்று வரை இயங்கிவிட்டு இன்று திடீரென நின்றுவிடலாம். பென் டிரைவும் மெமரி கார்டும் தகவலை மின்னூட்டமாகத் தேக்கி வைப்பவை. பல்லாண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்தால் அது கசிந்துவிடக்கூடும்.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கென எளிய வாய்பாடு ஒன்றை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள். அவை இருவகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே.

கடைசி நிபந்தனையைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய வெள்ளம் தரைத்தள வீட்டில் புகும்போது, மடிக்கணினியும் அதன் அருகில் வைத்த டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். உறவினர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ ஒரு பிரதி இருப்பின் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத உறையில் டிஸ்க்கை வைப்பது நலம்.

கிளவுட் சேமிப்பும் வீட்டுக்கு வெளியே உள்ள பிரதியே. ஆனால் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மின்னஞ்சலும் அதே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. மேலும், கைப்பேசியோடு இணைந்து இயங்கும் சேவையில் ஓரிடத்தில் அழித்த படம் மறு இடத்திலும் அழியும். ஆகவே அதை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது.

ஒழுங்கும் எச்சரிக்கையும்

சேமிப்பதற்கு முன் தேர்ந்தெடுத்தல் நன்று. முந்நூறில் முப்பதை வைத்துக்கொண்டால் தேடுவதும் எளிது, செலவும் குறைவு. கோப்புறைக்கு '2024-01-15 பொங்கல்' என ஆண்டை முதலில் வைத்துப் பெயரிட்டால், அவை தாமாகவே கால வரிசையில் அமையும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுவதால், கேமராவில் பதிவான மூலத்தையே சேமிக்க வேண்டும். திருத்திய படத்தை மூலத்தின் மேல் பதியாமல் தனிப்பிரதியாக வைக்க வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை டிஸ்க்கை இணைத்துச் சில படங்களையேனும் திறந்து பார்ப்போம். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்ப இயலாது. அப்போதே, படங்களுக்கிடையே கலந்து கிடக்கும் ஆதார், பான் அட்டை, காசோலைப் படங்களைப் பிரித்தெடுத்து, தேவையற்றவற்றை அழித்துவிடுவோம். குடும்பத்தாரோடு பகிரும் ஆல்பத்தில் அவை இருத்தலாகாது.

படங்களுக்கும் நாமினி

வைப்புத்தொகைக்கு நாமினியை நியமிக்கும் நாம், படங்களுக்கு அதைச் செய்வதில்லை. கடவுச்சொல்லை அறிந்தவர் ஒருவரே என்றால், அவருக்குப் பின் அந்தப் படங்கள் எவருக்கும் எட்டா. இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. அதே நிறுவனம், கணக்கு செயலற்றுப்போனால் தகவல்களைப் பெற வேண்டியவரை முன்கூட்டியே குறிப்பிடும் வசதியையும் தருகிறது. சில நிமிடங்களில் முடியும் வேலை அது.

அடுத்த முறை லாக்கரைத் திறக்க வருகையில், நகைப்பெட்டியோடு அந்தச் சிறு டிஸ்க்கையும் எடுத்து வருவோம்.