கோல்ஃப் தண்டின் இரு தளங்கள்

கண்டிக்குக் கிழக்கே, திகனையை அடுத்த ராஜவெலவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரமாக டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்ட 18 குழிக் கோல்ஃப் திடலில் சுழலும் மட்டைகளின் தண்டுகள், பார்வைக்கு முழு வட்டமாகத் தெரிந்தாலும், எத்திசையிலும் ஒரே அளவாக வளைபவையல்ல. காபன் தண்டு, பிசின் தோய்ந்த இழைத்தாள்களை உருக்குக் கோலொன்றின்மேல் சுற்றி வெப்பத்தில் இறுக்கிச் செய்யப்படுவதால், தாளின் ஓரங்கள் ஒன்றன்மேலொன்று ஏறும் இடத்தில் அதன் சுவர் சற்றே தடிக்கும். உருக்குத் தண்டிலும் சுவரின் தடிப்பு இடத்துக்கிடம் சிறிது மாறக்கூடும்.

இவ்வொழுங்கின்மை எங்கே அமைந்தாலும், தண்டின் குறுக்குவெட்டுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முதன்மைத் தளங்கள் உண்டு. ஒன்றில் விறைப்பு, அதாவது வளைவை எதிர்க்கும் தன்மை, மிகக் கூடுதலாகவும் மற்றதில் மிகக் குறைவாகவும் இருக்கும். இவற்றைக் கண்டறிந்து, ஒரு தொகுதியின் எல்லா மட்டைகளிலும் தலையைப் பொறுத்து ஒரே நிலையில் பொருத்துவதே தண்டைச் சீரமைத்தல் எனப்படுகிறது.

கண்டறியும் வழி எளிமையானது, அழகானதும்கூட. கைப்பிடி முனையை அசையாதபடி இறுக்கி, மறுமுனையில் தலைக்கு நிகரான எடையைப் பூட்டி இழுத்து விட்டால், முதன்மைத் தளத்தில் இழுக்கப்பட்ட தண்டு நேர்கோட்டிலேயே அலையும். வேறு திசையில் இழுத்தாலோ, அலைவு இரு தளங்களுக்கும் பகிரப்பட்டு, அவற்றின் மீடிறன்கள் சற்றே வேறுபடுவதால், கோடு படிப்படியாக நீள்வட்டமாக விரியும். மீடிறன்கள் நிமிடத்துக்கு 250, 252 அலைவுகள் என அமைந்தால், இரு தளங்களுக்கும் நட்டநடுவே இழுத்து விடப்பட்ட முனை 7.5 செக்கன்களில் ஏறத்தாழ வட்டமே வரையும். மீடிறன் விறைப்பின் வர்க்கமூலத்துக்கேற்ப மாறுவதால், இது குறிக்கும் விறைப்பு வேறுபாடு ஏறத்தாழ 1.6 வீதமே, அத்துணை நுண்ணிய வேறுபாட்டை வெறுங்கண்ணுக்குக் காட்டிவிடுவதே இச்சோதனையின் பெருஞ்சிறப்பு.

மாறாக, தண்டைப் பேரிங்குகளில் தாங்கி வளைத்துச் சுழற்றி, அது தானாகத் திரும்பி நிற்கும் ஒரே பக்கத்தை விறைப்பின் அடையாளமாகக் கொள்வது பிழையாகும். ஒரு பக்கம் வளைக்கையில் காட்டும் விறைப்பையே தண்டு எதிர்ப்பக்கமும் காட்டுமாதலால், விறைப்பு மட்டுமே காரணமாயின் அத்தகைய நிலை 180 பாகைக்கு அப்பாலும் இருந்தாக வேண்டும். ஒன்றே தென்படுமாயின், தண்டில் முன்னரே இருந்த சிறு வளைவுதான் அங்கே பேசுகிறது.

மட்டைத் தலையின் திணிவு மையம் தண்டின் அச்சிலிருந்து விலகியிருப்பதால், சுழற்சியின்போது தண்டு முன்பின்னாக மட்டுமன்றித் தலையின் நுனி கீழே தாழும்படியும் வளைகிறது. ஆயினும் சீரமைப்பு பந்தை அதிக தூரம் அனுப்பும் என எதிர்பார்ப்பதற்கு இயற்பியலில் இடமில்லை. ஒரு தொகுதியின் மட்டைகள் ஒன்றுபோல் நடந்துகொள்ள அது துணைபுரியலாம், அதுவும் வேறுபாடு மிகுந்த தண்டுகளிலேயே. எப்பக்கம் திருப்பினாலும் தண்டு சமமாகவே வளைய வேண்டும் என்று விளையாட்டின் உபகரண விதிகள் கோருவதால், நன்கு செய்யப்பட்ட தண்டில் சீரமைப்பதற்கு எஞ்சுவது மிகச் சொற்பமே.