வெல்லும் தொகுதி யாருக்கு?

அரசியலில் பெண்களின் பங்கைப் பெருக்க இரு வழிகள் கையாளப்படுகின்றன. குறிப்பிட்ட தொகுதிகளில் பெண்கள் மட்டுமே போட்டியிடலாம் எனச் சட்டம் வரையறுப்பது தொகுதி ஒதுக்கீடு. தன் வேட்பாளர்களில் இத்தனை விழுக்காட்டினர் பெண்களாக இருப்பர் எனக் கட்சி தானே விதித்துக்கொள்வது கட்சி ஒதுக்கீடு. முதலாவது உள்ளாட்சிகளில் நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. ஆனால், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கும் 2023ஆம் ஆண்டின் 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதையடுத்துத் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையுடன் நிறைவேறியதால், அதுவரை பெண்களின் வாய்ப்பைக் கட்சித் தலைமைகளே முடிவு செய்கின்றன.

அம்முடிவின் வலிமையை 2019 மக்களவைத் தேர்தல் காட்டியது. ஒடிசாவின் 21 தொகுதிகளில் ஏழில் பெண்களை நிறுத்திய பிஜு ஜனதா தளத்தில் அவர்களுள் ஐவர் வென்றனர். ஆண் வேட்பாளர்கள் 14 பேரில் வென்றவர்கள் எழுவரே. மேற்கு வங்கத்தில் திரிணாமூல் காங்கிரஸ் நிறுத்திய 17 பெண்களில் ஒன்பதின்மரும், 25 ஆண்களில் 13 பேரும் வெற்றி பெற்றனர். பெண்ணை நிறுத்தினால் தொகுதி கைநழுவும் என்று வேட்பாளர் தேர்வின்போது சொல்லப்படும் காரணத்துக்கு இவ்விரு மாநிலங்களிலும் ஆதாரம் இல்லை.

எண்ணிக்கையைவிட, எத்தொகுதி தரப்படுகிறது என்பதே முதன்மையானது. தந்தை பிஜு பட்நாயக்கின் மறைவுக்குப்பின் 1997 இடைத்தேர்தலில், பின்னர் பிஜு ஜனதா தளத்தைத் தொடங்கிய நவீன் பட்நாயக் வென்ற ஒடிசாவின் அஸ்கா தொகுதி, 2019இல் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பிரமிளா பிசோயிக்கு வழங்கப்பட்டது. அவர் இரண்டு லட்சத்துக்கும் கூடுதலான வாக்கு வேறுபாட்டில் வென்றார். கட்சியின் கோட்டையாக விளங்கிய ஒரு தொகுதியை எளிய பின்னணி கொண்ட பெண்ணிடம் ஒப்படைத்த இச்செயல், ஒதுக்கீடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குச் சிறந்த முன்னுதாரணம்.

தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117ஐப் பெண்களுக்கு அளித்தது. பாராட்டத்தக்க அம்முடிவை எடுத்த கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. வெல்லும் வலிமை பெற்ற பெரிய கட்சிகளோ அத்தகைய பங்கீட்டை அணுகவேயில்லை; ஆகவே அப்பேரவைக்குத் தேர்வான பெண்கள் 12 பேர் மட்டுமே. பாதி உள்ளாட்சி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தில் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று கூறுவது பொருந்தாது. உறுதியாக வெல்லக்கூடிய தொகுதிகளில் மூன்றில் ஒன்றையேனும் பெண்களுக்குத் தரப் பெரிய கட்சிகள் சட்டத்துக்காகக் காத்திராமல் முன்வர வேண்டும். அதைக் கட்சித் தொண்டர்களும் வாக்காளர்களும் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் முன்பே கேட்க வேண்டும்.