சொந்தப் பெயரில் பாடியவர்



மன்னர்கள் எழுப்பிய மாளிகைகளைக் காணச் செல்வோருக்கு வழிகாட்டி நூல்கள் பல உண்டு. ஆனால் ஒரு பாடகர் விட்டுச் சென்ற செல்வத்தை எங்கே போய்க் காண்பது? குரல் காற்றோடு கலந்து விடுவது. அதன் சுவடுகளைத் தெருக்களிலும் மக்களின் நாவிலும்தான் தேட வேண்டும். 2001 முதல் கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரில் சில மாலைப் பொழுதுகளை உங்களால் ஒதுக்க முடியுமானால், வங்க நாட்டின் நாட்டுப் பாடல் மேதை அப்பாஸுத்தீன் அஹ்மது அவர்களின் அடிச்சுவட்டைக் கால்நடையாகவே தேடிக் காணலாம்.

யார் இந்த அப்பாஸுத்தீன்? கூச்பிகார் சமஸ்தானத்தில் துஃபான்கஞ்சு வட்டத்தைச் சேர்ந்த பலராம்பூர் என்னும் சிற்றூரில் 1901 அக்டோபர் 27-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் ஒரு வழக்கறிஞர். கல்கத்தாவில் உஸ்தாத் ஜமீருத்தீன் கானிடம் சிறிது காலம் பயின்றார் என்பதைத் தவிர, இவருடைய இசைக் கல்வி பெரிதும் வயல்வெளியில் கற்றதே. வண்டியோட்டிகளும் எருமை மேய்ப்போரும் பாடிய பாவையா என்னும் பாடல் வகையே இவருக்கு முதல் பள்ளிக்கூடம். பாவையாவில் குரல் நீண்டு சென்று திடீரென உடையும். மேடு பள்ளங்களில் வண்டி குலுங்கும்போது பாடுவோனின் குரலும் குலுங்குவதால் வந்த நயம் அது என்பர்.

முதல் மாலையைச் சித்பூர் சாலைக்கு ஒதுக்குங்கள். இப்போது அதன் பெயர் ரவீந்திர சரணி. ஆர்மோனியமும் தபேலாவும் விற்கும் கடைகளையும் அத்தர்க் கடைகளையும் கடந்து நடந்தால், நாகோதா பள்ளிவாசல் உங்கள் முன் ஓங்கி நிற்கும். 1926-இல் கச்சு மேமன் பெருமக்களால் அடிக்கல் நாட்டப்பட்டு, சிக்கந்தராவிலுள்ள அக்பர் சமாதியின் சாயலில் எழுந்த இறையில்லம் அது. மஃக்ரிப் தொழுகைக்கான பாங்கொலி தெருவெங்கும் பரவும் வேளையில் ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். எச்.எம்.வி. நிறுவனத்தின் பாட்டு ஒத்திகைகள் நடைபெற்றதும் இதே சித்பூர் சாலையில்தான். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் அங்கே பாடகர்களைப் பயிற்றுவித்து வந்தார்.

அக்காலத்தில் இசைத்தட்டு உலகில் ஒரு வேதனையான வழக்கம் இருந்தது. முஸ்லிம் பெயருடைய பாடகரின் தட்டை மக்கள் வாங்க மாட்டார்கள் என்று வணிகர்கள் அஞ்சினர். ஆகவே முன்ஷி முஹம்மது காசிம் என்ற புகழ்மிக்க பாடகர் கே. மல்லிக் என்ற பெயரிலேயே நாடெங்கும் அறியப்பட்டார். மறுபுறம், பாட்டு என்றாலே முகம் சுளித்த முஸ்லிம் குடும்பங்களும் பலவாக இருந்தன. இசையைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டினுள் நாம் இங்கே புகவில்லை. கடைக்காரர் பெயருக்கு அஞ்சினார். வீட்டார் பாட்டுக்கு அஞ்சினர். இந்த இரு அச்சங்களுக்கும் நடுவே ஒரு கிராமத்து இளைஞர் தம் சொந்தப் பெயரோடு வந்து நின்றார் என்பதே நாம் கருதத்தக்கது.

பின்னர் நடந்ததை அப்பாஸுத்தீன் தம் தன்வரலாற்று நூலில் விவரிக்கிறார். உருது கவ்வாலித் தட்டுகள் அமோகமாக விற்பனையாவதைச் சுட்டிக்காட்டி, வங்க மொழியிலும் இஸ்லாமியப் பாடல்கள் வேண்டும் என்று அவர் நஸ்ருலிடம் கேட்டார். கவிஞர் உடன்பட்டார், ஆனால் நிறுவனத்தின் ஒத்திகைப் பொறுப்பாளர் மறுத்து விட்டார். அப்பாஸுத்தீன் மனம் தளரவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்து, அந்தப் பொறுப்பாளர் மகிழ்ச்சியாக இருந்த ஒரு நாளில் மீண்டும் கேட்டார். சோதனையாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று இசைவு கிடைத்தது. வெற்றிலையும் தேநீரும் வரவழைத்துக் கொண்டு, அறைக் கதவைச் சாத்திக் கொண்டு அமர்ந்த நஸ்ருல், அரை மணி நேரத்திற்குள் நோன்புப் பெருநாள் பாடலை எழுதி முடித்தார். நான்கு நாட்களில் ஒலிப்பதிவு. மனப்பாடம் செய்ய அவகாசம் போதாமையால், பாட்டெழுதிய தாளைக் கவிஞரே பாடகரின் கண்ணெதிரே பிடித்துக் கொண்டாராம்! 1931-இல் பிறந்த அந்தப் பாடல், 1932 பிப்ரவரியில் பெருநாளையொட்டி இசைத்தட்டாக வெளிவந்தது.

இரண்டாம் மாலையில் எஸ்பிளனேடுக்குச் சென்று மைதானத்தை நோக்கி நடங்கள். கல்கத்தாவின் டிராம் வண்டி 1873-இல் முதன்முதலாக ஓடியது. எஸ்பிளனேடு–மைதானம் வழித்தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடப் போவதாக 2024-இல் மாநில அரசு அறிவித்தது. அந்தத் தண்டவாளம் ரசிகர்களுக்கு ஒரு நினைவுச் சின்னமேயாகும். பெருநாள் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பிய அப்பாஸுத்தீன், அலுவலகம் செல்ல டிராமில் ஏறினார். அருகே இருந்த இளைஞர் ஏதோ முணுமுணுத்தார். உற்றுக் கேட்டால், அது அவர் பாடிய அதே பெருநாள் பாட்டு! மாலையில் மைதானத்துப் புல்வெளியில் காற்று வாங்கச் சென்றார். அங்கே ஒரு சிறுவர் கூட்டத்திலும் அதே பாட்டு! தட்டில் பதிந்த குரல் தமக்கு முன்பே நகரெங்கும் நடந்து போய்விட்டதை அவர் அப்போது அறிந்தார்.

மூன்றாம் மாலை, மிர்சா காலிப் வீதிக்கு உரியது. பழைய பெயர் ஃப்ரீ ஸ்கூல் வீதி. பழைய இசைத்தட்டுகளை விற்கும் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டு ஒன்று கிடைத்தால் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்றே நிமிடம். கீழே விழுந்தால் உடைந்து விடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் அப்பாஸுத்தீன் இரு பெரும் செல்வங்களை அடக்கினார். ஒன்று, இறைவனையும் பெருமானார் (ஸல்) அவர்களையும் போற்றும் வங்க மொழிப் பாடல்கள். மற்றொன்று, நகரத்தார் நாட்டுப்புறத்தான் பேச்சு என்று ஒதுக்கிய வட வங்கத்துப் பாவையா, படகோட்டிகளின் பாட்டியாலி, முர்ஷிதி முதலியன. கானாயிலால் சீல் என்னும் கலைஞரின் தோத்தாராக் கருவி அவர் பாடல்களுக்குத் துணை நின்றது.

தட்டிலுள்ள பெயரையும் படியுங்கள். அதில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. இஸ்லாமியப் பாடல்கள் பெருவாரியாக விற்பனையானதும் காலச்சக்கரம் திரும்பியது! தீரேன் தாஸ், கனி மியான் என்ற பெயரில் பாடினார். கிரீன் சக்கரவர்த்தி, சோனா மியான் ஆனார். முன்பு முஸ்லிம் பாடகர் பெயரை மறைத்தார். இப்போது இந்துப் பாடகர் முஸ்லிம் பெயரைச் சூடினார். இதைக் கண்டு நாம் பெருமிதம் கொள்வதைவிடச் சிந்திப்பதே தகும். வணிகத்துக்காகப் பெயரை மாற்ற வேண்டிய நிலை எவருக்கும் நேரலாகாது என்பதல்லவா இதன் படிப்பினை?

நான்காம் மாலையில் சியால்டா இரயில் நிலையத்துக்குச் செல்லுங்கள். கூச்பிகாருக்குச் செல்லும் வண்டிகள் அங்கிருந்து புறப்படுகின்றன. 1931 முதல் 1947 வரை கல்கத்தாவில் வாழ்ந்து, நீர்ப்பாசனத் துறையில் எழுத்தராகப் பணியாற்றிய அப்பாஸுத்தீன், நாட்டுப் பிரிவினைக்குப் பின் டாக்காவுக்குச் சென்றார். பிறந்த கூச்பிகார் 1949-இல் இந்தியாவுடன் இணைந்தது. அவர் வாழ்ந்த டாக்கா மற்றொரு நாட்டில் இருந்தது. 1959 டிசம்பர் 30-இல் அங்கேயே அவர் மறைந்தார். 1964-இல் டாக்கா தொலைக்காட்சி தொடங்கிய நாளில் முதல் பாடலைப் பாடியவர் அவர் மகள் ஃபிர்தவ்ஸி ரஹ்மான். 1981-இல் வங்கதேச அரசு தன் சுதந்திர தின விருதை அப்பாஸுத்தீனின் நினைவுக்கு வழங்கிற்று. மண்ணைப் பிரித்த கோடு பாவையாவைப் பிரிக்கவில்லை. எல்லையின் இருபுறத்திலும் அது பாடப்படுகிறது.

கடைசி மாலையை ரமளானின் இறுதி நாளுக்கென வைத்திருங்கள். நாகோதா பள்ளிவாசலை ஒட்டிய ஜகரியா வீதியில் கபாபின் புகையும் சேமியாக் குவியல்களும் நெரிசலும் உங்களைத் திணறடிக்கும். பிறை தெரிந்தது என்ற செய்தி வந்ததும் எல்லையின் மறுபுறத்தில், வங்கதேசத்தின் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த 1932-ஆம் ஆண்டுப் பாடலே முழங்கும். அதைப் பாடாத பிள்ளைகள் அங்கே அரியர். ஆனால் அதை முதலில் பாடியவர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தோர் எத்தனை பேர்? தம் பெயரை மறைக்காமல் பாடியவரின் பெயரை நாம் மறக்கலாமா?

ஆயினும் பெயரினும் பெரிது அந்தப் பாட்டின் கருத்து. ஒரு மாதம் பசித்திருந்தவர்களே, ஆண்டு முழுதும் பசித்திருப்போரை மறவாதீர். பகைமையை விட்டுக் கை கோத்துக் கொள்ளுங்கள். ஸக்காத்தை உரியோருக்கு வழங்குங்கள் என்பதே அதன் சாரம். அப்பாஸுத்தீன் அவர்களின் மெய்யான நினைவுச் சின்னத்தைக் காண விரும்பும் ரசிகர், பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் முன் ஓர் ஏழையின் வாசலில் போய் நிற்கட்டும். அந்த வீட்டு அடுப்பில் புகை எழுமானால், அந்தக் குரல் இன்னும் வாழ்கிறது என்பது பொருள்.