ஒயின் ருசி: நம்ம நாக்குக்கு ஏற்கெனவே தெரிஞ்சது என்ன?

நம்ம ஊர்ல 'ஒயின்ஷாப்'னு சொன்னா அது பிராந்திக் கடை. ஒயின் அங்க பேருக்குத்தான் இருக்கும். அதனால ஒயினைப் பத்தித் தெரிஞ்சுக்க நினைக்கிறவர் முதல்ல போறது ஆங்கிலப் புத்தகங்களுக்கு. அங்கதான் சிக்கல். 'பிளாக்கரண்ட் வாசனை'ன்னு எழுதியிருப்பாங்க. பிளாக்கரண்டை நாம பார்த்ததே இல்ல. உடனே "நமக்கு நாக்கு சரியில்ல போல"ன்னு தோணிடும்.

நாக்குல குறையில்ல. சொற்கள்தான் வேற ஊருக்காரங்களோடது.

சிவப்பு ஒயின்ல வாயை உலர்த்துற மாதிரி ஒரு பிடிப்பு வரும். காரணம் டானின். திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வருது. இதுக்குத் தமிழ்ல துவர்ப்புன்னு தனிச்சொல்லே இருக்கு, அறுசுவையில ஒண்ணு. நாவல்பழம், வாழைப்பூ, பாக்கு தின்னவருக்கு டானினைப் புதுசா கத்துக்க வேண்டியதில்ல.

'டிரை' ஒயின்னா இனிப்பில்லாததுன்னு அர்த்தம். திராட்சைச் சர்க்கரையை ஈஸ்ட் அநேகமா முழுசா ஆல்கஹாலா மாத்திடுச்சு, அவ்வளவுதான். துவர்ப்பையும் இதையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

வாசனைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அதோட உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் வகைகளோட பூ வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல், ஜெரானியால் மாதிரியான சேர்மங்கள். ஜெரானியால் ரோஜாவுல இருக்கு. லினலூல் மல்லிகைப் பூவுலயும் கொத்தமல்லி விதையிலயும் இருக்கு. ஆக, பன்னீர்னு பேர் வச்சவர் சரியாத்தான் மோந்து பார்த்திருக்கார்! மஸ்கட் ஒயினை முகர்ந்து "மல்லிப்பூ வாசம்"னு நீங்க எழுதினா அது வேதியியல்படியும் சரி.

நிபுணர் சொல்றதுதான் கடைசி வார்த்தையா? 2001-ல் வெளிவந்த போர்தோ ஆய்வு ஒண்ணு சுவாரஸ்யமானது. வெள்ளை ஒயின்ல வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்குக் கொடுத்தாங்க. அவங்க சிவப்பு ஒயினுக்கான சொற்களால அதை வர்ணிச்சாங்க. கண்ணு மூக்கை ஏமாத்திடுது. புதுசா பழகுறவர் லேபிளையும் விலையையும் பார்க்கறதுக்கு முன்னாடி, தனக்குத் தோணினதை எழுதி வைக்கிறது இதனாலதான் முக்கியம்.

பாட்டிலே இல்லாம ஒரு பயிற்சி: பால் சேர்க்காத டீயை 2 நிமிஷம் ஊறவச்சு ஒண்ணு, 8 நிமிஷம் ஊறவச்சு ஒண்ணு குடிச்சுப் பாருங்க. துவர்ப்பு எப்படிக் கூடுதுன்னு புரியும். ரெண்டாவதுல எலுமிச்சை பிழிஞ்சா புளிப்பு எச்சில் ஊறவைக்கும், துவர்ப்பு வாயை உலர்த்தும். இந்த வித்தியாசம் பிடிபட்டா பாதிப் பாடம் முடிஞ்சது.

இன்னொண்ணு. சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்துல' குடிக்கணும்பாங்க. அது ஐரோப்பிய அறை, சுமார் 16–18 டிகிரி. பழங்காநத்தத்து மே மாச அறையில ஆல்கஹால் நெடிதான் முதல்ல ஏறும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜ்ல வைக்கிறது தப்பே இல்ல.

இது நமக்கு அந்நியமான பேச்சும் இல்ல. புறநானூறு 56-ல் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் குடிப்பதைப் பாடுறார். வைகை கடல்ல சேர்ற அழகன்குளத்துல ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைச்சிருக்கு. அந்தப் பாட்டும் மணத்தைச் சொல்லுது.

பாதுகாப்பான அளவுன்னு மதுவுல எதுவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதையும் சேர்த்தே படிச்சுக்கங்க. ருசி அறியறதுக்கு ரெண்டு வாய் போதும். குடிக்காதவருக்கு டீயும் பன்னீர் திராட்சையுமே போதும்.