டர்போவும் மலைநாட்டு மோட்டார் வண்டியும்

சித்திரை மாதத்தில் நுவரெலியா வசந்தகால விழாக்கோலம் பூணும்போதெல்லாம், 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் போட்டியும் பலருக்கு நினைவில் எழும். இராகலை, கந்தப்பளைப் பகுதி இளைஞருக்கு அப்போட்டியின் பெயர் புதிதன்று. வளைவுகளிற் சீறிச் செல்லும் வண்டிகளைக் கண்ட கண், வீட்டு வாயிலில் நிற்கும் பழைய ஸ்போட்ஸ் காரை நோக்கும்போது, "இதற்கும் ஒரு டர்போ பூட்டினால் என்ன?" என்னும் ஆசை பிறத்தல் இயல்பே. அவ்வாசைக்கு ஆகும் செலவு யாது? பூட்டிய பின்னர் வண்டி நம்பத்தக்கதாய் இருக்குமா? இவ்விரு வினாக்களையும் இன்று சிறிது ஆராய்வோம்.

மலைக்காற்றும் எஞ்சினும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அதாவது 6,128 அடி உயரத்தில் உள்ளது. இராகலையும் ஏறத்தாழ அத்தகைய உயரத்திலேயே அமைந்திருக்கிறது. இவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் எரியக் காற்று வேண்டும் ஆகலின், கொழும்பில் 100 பரிவலு தரும் சாதாரண எஞ்சின் இங்கே 83 அளவில்தான் தரும். மலைநாட்டிற் கார் சோர்ந்து ஏறுவதற்குச் சரிவு மட்டுமன்றி, இந்த மெல்லிய காற்றும் காரணமாகும்.

இக்குறையைத் தீர்க்கும் கருவியே டர்போ. தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டவர்களுக்கு அதன் அமைப்பை விளக்குதல் எளிது. கொழுந்து வாட்டும் தொட்டிகளிலே விசிறி காற்றைத் தள்ளுகிறதன்றோ? டர்போவும் அவ்வாறே சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கும் ஒரு விசிறிதான். ஆயின் தொழிற்சாலை விசிறிக்கு மின்சாரம் வேண்டும். டர்போவைச் சுழற்றுவதோ வீணே வெளியேறும் எஞ்சின் புகை. ஓர் அச்சின் ஒரு முனையிற் புகை சுழற்றும் சக்கரமும், மறுமுனையிற் காற்றை அழுத்தும் சக்கரமும் இருக்கும். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாக அவை சுழலும்.

சுவிஸ் நாட்டுப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1918ஆம் ஆண்டில் சான்போர்ட் மோஸ் என்னும் அமெரிக்கர், ஒரு விமான எஞ்சினைப் பைக்ஸ் பீக் என்னும் 14,000 அடி உயரமான மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 பரிவலு தந்த அந்த எஞ்சின், உச்சியில் 230 அளவிற்கு இறங்கியது. டர்போ பூட்டியதும் மீண்டும் 350ஐச் சற்றே விஞ்சியது. மலைநாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி இனிப்பதில் வியப்பில்லை.

புகைந்த தேநீர்க் கேத்தல்

ஆனால் வலிமை வேறு, நம்பகம் வேறு. 1977ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ரெனோல்ட் நிறுவனம், போர்முலா வண் பந்தயத்துக்கு முதல் டர்போக் காரைக் கொணர்ந்தது. மஞ்சள் நிறமான அவ்வண்டி அடிக்கடி எஞ்சின் பழுதாகி வெண்புகை கக்கி நின்றமையால், எதிரணியினர் அதற்கு "மஞ்சள் தேநீர்க் கேத்தல்" என்று பட்டஞ் சூட்டினர். உயரமான கயலாமி மைதானத்தில், 1979ஆம் ஆண்டுத் தென்னாபிரிக்கப் போட்டியில், மெல்லிய காற்றில் மற்றவை தளர, அது முதலிடத்தில் நின்று புறப்படும் தகுதியைப் பெற்றது. எனினும், டர்போக் கார் ஒன்று போர்முலா வண்ணில் முதல் வெற்றியை அடைந்தது அவ்வாண்டு பிரெஞ்சுப் போட்டியிலேதான். ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியியலாளர் பலருக்கே ஈராண்டு பிடித்த வேலை இது!

சந்தையிலும் இவ்வாறே. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்னும் டர்போக் காருக்குப் பெற்றோலுடன், நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தையும் ஊற்றிவர வேண்டியிருந்தது. உரிமையாளர் பலர் அதை மறந்தனர்; தொல்லைகள் பெருகின. ஈற்றில் நிறுவனமே பலருடைய டர்போக்களைக் கழற்றி, சாதாரண எஞ்சினாக மாற்றிக் கொடுத்தது.

1973ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவை நோக்குவோம். அதே வகையின் 130 பரிவலு எஞ்சினை 170க்கு உயர்த்த, நெருக்கல் விகிதத்தை 9.5இலிருந்து 6.9க்குக் குறைக்க வேண்டியதாயிற்று. காரணம் யாது? காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்றும் பெற்றோலும் மேலும் நெருக்கப்பட்டால், உரிய காலத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். ஆகவே டர்போவுக்கென வடித்த எஞ்சின் வேறு. சாதாரண எஞ்சினில் பின்னர் டர்போ பூட்டுவது வேறு. இராகலைச் சாலையில் ஏறும் இக்காலத்து டீசல் லொறிகளிலும் டர்போ சாதாரணமாகிவிட்டது. அவை ஆண்டுக்கணக்கில் உழைப்பது, தொடக்கத்திலேயே அதற்கென அமைக்கப்பட்டமையால்.

கணக்கைப் பார்ப்போம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்னும் பழமொழி டர்போவுக்கு மிகப் பொருந்தும். கழித்த வண்டியிலிருந்து எடுத்த டர்போ மலிவாய்க் கிடைக்கலாம். ஆயின் அதைத் தாங்கும் புகைக்குழாய், ஒயில் குழாய், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெரிய பெற்றோல் பம்பு, எஞ்சின் கணினியைத் திருத்தும் கூலி என்பன தொடர்ந்து வரும். கூடிய வலிமையைத் தாங்கக் கிளச்சும், வேகத்தை அடக்கப் பிறேக்கும் மாற்ற வேண்டும். கியர்ப்பெட்டி ஈற்றில் முறியுமாயின் அது தனிச் செலவு. 95 ஒக்டேன் பெற்றோலுக்குக் கூடிய விலையும் நாள்தோறும் உண்டு. 2020ஆம் ஆண்டில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டியும் அதன் உதிரிப்பாகமும் அடைந்த விலையை வாசகர் அறிவர். உடைந்த எஞ்சினுக்கு மாற்று எஞ்சின் தேடுவது அற்பச் செலவன்று.

மலைநாட்டுக்குரிய ஒரு நுட்பமும் உண்டு. மெல்லிய காற்றிலிருந்து அதே அழுத்தத்தைப் பெற, டர்போ இன்னும் விரைவாகச் சுழல வேண்டும், வெப்பமும் மிகும். ஆகவே கரையோரத்தில் ஒழுங்குசெய்த வண்டியை இங்கேயும் சோதித்தல் நன்று. மேலும், ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தாது, ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட வேண்டும். இன்றேல் கொதித்த அச்சில் ஒயில் கருகிப் படியும். ஒயிலைக் காலந்தவறாது மாற்றுதல் இன்றியமையாதது. இம்மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியாது விட்டால், விபத்தின்போது இழப்பீடு தடைப்படவுங் கூடும்.

போட்டிக்கென்றே ஒரு வண்டி வைத்திருப்பவர், அது பழுதானால் வீடு செல்ல வேறு வண்டி உடையவர். நம் குடும்பங்களிலோ இருப்பது ஒரே வண்டி. பிள்ளைக்கு இரவிற் காய்ச்சல் கண்டால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், பரீட்சை நாளில் மாணவனை ஏற்றிச் செல்வதும் அதுவே. மார்கழிப் பனியிற் கந்தப்பளை வளைவொன்றில் அது நின்றுவிடுமாயின், கூடிய பரிவலுவால் யாது பயன்?

ஆதலின் ஆசையுள்ள இளைஞர்க்கு நாம் கூறுவது இது: முதலிற் பிறேக்கும் டயரும் செம்மையாகுக, அடுத்து எஞ்சினின் நெருக்கலைச் சோதித்து, ரேடியேட்டரைத் துப்புரவு செய்க. சோர்ந்ததாகத் தோன்றிய வண்டிகள் பல, இவ்வளவிலேயே புத்துயிர் பெறுவதுண்டு. அதன் பின்னும் டர்போ வேண்டுமெனத் தோன்றினால், தொழிற்சாலையிலேயே டர்போவுடன் அமைந்த எஞ்சினைத் தேடுக. அதுவும் கைகூடாதெனின், டர்போவின் விலையோடு, எஞ்சின் முழுதும் பழுதானால் ஆகும் தொகையையும் கையில் வைத்துக்கொண்டு கராஜுக்குச் செல்க. அத்தொகை கையில் இல்லாதவர், வண்டியை இருந்தபடியே ஓட்டி, சித்திரையில் மகாகஸ்தோட்டைக்குச் சென்று பிறர் வண்டிகளைக் கண்டு மகிழ்தலே தக்கது.