நடப்பதற்கும் ஒரு கணக்குப்பிள்ளை!

பொழுது விடியும் நேரம். தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஆண்களும் பெண்களும் வேகு வேகு என்று நடக்கிறார்கள். சிலர் ஓடுகிறார்கள். ஓடி முடித்ததும் செல்போனை எடுத்துப் பார்க்கிறார்கள். முகத்தில் ஒரு சிரிப்பு!

யாரிடம் இருந்து சேதி? யாரிடம் இருந்தும் இல்லை. "இன்று ஓடியது எத்தனை கிலோ மீட்டர்?" அதைத்தான் பார்க்கிறார்கள். பலருக்கு அந்தக் கணக்கைச் சொல்வது ஷூ கம்பெனியின் செயலி!

2006-ம் ஆண்டில் "நைக்கி" கம்பெனி, "ஆப்பிள்" கம்பெனியுடன் சேர்ந்து இதைத் தொடங்கியது. ஷூவுக்குள் ஒரு சிறு கருவி இருக்கும். ஓடிய தூரத்தைப் பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். இப்போது கருவி வேண்டாம். செயற்கைக் கோள்களின் உதவியால் போனே தூரத்தை அளந்துவிடுகிறது.

22 கோடி யூரோ

போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2015-ல் "அடிடாஸ்", ஆஸ்திரியாவின் "ரன்டாஸ்டிக்" செயலிக் கம்பெனியை 22 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. மறு ஆண்டு "அசிக்ஸ்", "ரன்கீப்பரை" வாங்கியது.

செயலியோ இலவசம். பிறகு ஏன் இத்தனை பணம்? ஒரு ஷூ எத்தனை கிலோ மீட்டர் ஓடித் தேய்ந்தது என்பதைக்கூடச் சில செயலிகளில் குறித்து வைக்கலாம். அடுத்த ஷூவை எங்கே வாங்குவார்கள்? சொல்லவா வேண்டும்!

மக்களுக்கு என்ன லாபம்?

"நட" என்கிறார் டாக்டர். நடந்ததற்குச் சாட்சி வேண்டாமா? ஒரு நாள் விட்டுப்போனால், கணக்கில் விழும் ஓட்டை கண்ணை உறுத்தும். சேலையூர்க்காரர் 5 கிலோ மீட்டர் ஓடியது குரோம்பேட்டை நண்பருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அவர் 6 ஓடுவார்!

ஷூ மேல் காதல் அல்ல, கணக்கு மேல் காதல். இது பழைய ஆசைதான். 1965-லேயே ஜப்பானில், இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. "தினம் 10 ஆயிரம் அடி" என்ற பேச்சே அந்தக் கருவியின் பெயரில் இருந்து பரவியதுதான்.

வீட்டு வாசல் தெரியும்!

கணக்கு எழுதுகிறவனுக்கு நம் ரகசியமும் தெரியும். விளையாட்டு உடைக் கம்பெனியான "அண்டர் ஆர்மர்" வசம் "மைபிட்னஸ்பால்" என்ற செயலி இருந்தது. அதில் இருந்து சுமார் 15 கோடிப் பேரின் மின்னஞ்சல் முகவரி முதலிய விவரங்கள் திருடு போனதாக 2018-ல் தெரியவந்தது.

இன்னொன்று: வாசலில் தொடங்கி வாசலில் ஓட்டத்தை முடித்தால், உங்கள் வீடு எது என்பதை வரைபடமே காட்டிக் கொடுக்கும். நண்பர் மட்டும் பார்க்கும்படி செய்யும் வசதி பல செயலிகளில் உண்டு. தெருக்கோடி தாண்டிய பிறகு செயலியைத் தட்டுங்கள். கணக்கில் குறைவது நூறு அடிதான்.